சித்திரையில் போட்ட தக்காளி

என் வாழ்நாளில் நான் துணிந்து சொன்ன பெரிய பொய் ஒரு காய்கறித் தோட்டம். அதைச் சொன்னது கட்டிய மனைவியிடம், அதுவும் கைப்பட எழுதி, தபால் தலை ஒட்டி.

அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே கணக்கு ஆபீசில் கிளார்க். மூன்று மாத லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கையோடு தனியாகவே திரும்பி வந்திருந்தேன். குடும்பஸ்தனுக்கான குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. மனைவி அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். மாமனார் காவிரிக்கரையில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி போடுகிறவர். வாரம் இரண்டு முறை அவர் வண்டி சந்தைக்குப் போகும். கல்யாணத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் அவளோடு நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. அந்த ஒரு மணி நேரத்திலும் பாதிக்கு மேல் நான்தான் பேசினேன்.

தை மாதம், அதே ஊரில் செங்கல் சூளைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பலகைச் சுவர், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு. உடனே ஊருக்கு எழுதினேன். ஸ்டேஷன் பக்கம், கோயில் பக்கம், கடைத்தெரு பக்கம் என்று எது எதெல்லாம் பக்கம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பதில் வந்தது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நலம் விசாரித்திருந்தார்கள். கடைசியில், அவள் கையெழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது. அங்கே கொல்லை இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

கொல்லை இருக்கத்தான் செய்தது. நடந்து அளந்தால் பத்து எட்டு நீளம், ஆறு எட்டு அகலம். எனக்கு முன் இருந்த குடித்தனக்காரர் அடுப்புக் கரியையும் உடைந்த ஜாடியையும் கொட்டி வைத்திருந்தார். சாக்கடை ஓரத்தில் என்னவோ ஒரு செடியை வெட்டிவிட்டுப் போன முள்கட்டை ஒன்று நின்றது. மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூளைக்காரர்கள் செங்கல்லுக்காகத் தேடி வந்த களிமண் அது. வெயில் அடித்தால் மண்வெட்டி தெறிக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

இருக்கிறது என்று எழுதினேன். அதுவரை நான் உத்தமன். அடுத்த கடிதத்தில், என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நீ வந்து போடு என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெண், அதுவும் அந்த மாமனாரின் பெண், நம்மைப் பற்றி இளக்காரமாக நினைத்துவிடுவாளோ என்று ஒரு ரோஷம். வெண்டை, கத்திரி, அவரை, பாகல், புடலை என்று எழுதினேன். எழுத எழுதக் கை ஓடியது. எல்லாம் காய்த்துக் குலுங்குகிறது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து மாளவில்லை என்று எழுதினேன். அதோடு விட்டேனா? இவையெல்லாம் அவள் பார்த்த காய்கள்தானே, மலாய் நாட்டுக்கென்று ஒரு கெத்து வேண்டாமா என்று, ஸ்டேஷனில் துரைமார் சாப்பிடும் இடத்தில் தட்டில் கண்ட தக்காளியையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

மாசி நடுவில் மாமனாரின் கடிதம் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணை அனுப்ப மாட்டோம், ஆனி முதல் வாரத்துக் கப்பலில் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார். துணைக்குப் பெரியப்பா வருவார். அவருடைய மைத்துனர் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அவர் வீட்டில் பதினைந்து நாள் தங்கிவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவார். அதற்குக் கீழே, வேறு மையில், பிற்பாடு சேர்த்தது போல இரண்டு வரி இருந்தது. குழந்தை தோட்டத்திலேயே வளர்ந்தவள், அந்த ஊர் அவளுக்கு ஒத்துவராவிட்டால் பெரியப்பாவோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும், மாப்பிள்ளை தப்பாக நினைக்கக் கூடாது என்று.

நான் தப்பாக நினைக்கவில்லை. பயந்துபோனேன். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்து அந்தக் கரிக்குப்பையைப் பார்த்தபோது, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா பின்னால் நடப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கல்யாணத்தின்போது அவளை எனக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பு என்ற வார்த்தையைப் படித்த பிறகுதான் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

பழைய பிரம்மச்சாரி மெஸ்ஸில் என்னோடு இருந்த இரண்டு நண்பர்களிடம் ஓடினேன். ஒருவர் தந்தி ஆபீஸ், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இன்னொருவர் சாமான் ஷெட் கிளார்க், திருநெல்வேலிக்காரர். நாங்கள் மூவரும் விவசாயக் குடும்பம். மெஸ்ஸில் சாப்பிடும்போதெல்லாம் எங்கள் வீட்டு நெல், எங்கள் வீட்டு வாழை என்று மூவரும் விட்ட அளப்பில் அந்த மெஸ் சமையற்காரருக்குத் தலைவலி வந்திருக்கிறது. உண்மையில் மூவரும் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள். லீவுக்குப் போனால் வரப்பில் நின்று பார்த்ததோடு சரி.

ஆனாலும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொத்தினோம். முள்கட்டையை மட்டும் அசைக்க முடியவில்லை, அதைச் சுற்றிக் கொத்திவிட்டு விட்டுவிட்டோம். தெருவில் மாடு வைத்திருந்த பால்காரர் இரண்டு கூடைச் சாணமும், கொஞ்சம் வெண்டை, கத்திரி, அவரை விதையும் கொடுத்தார். தக்காளி விதைக்குத்தான் திண்டாட்டமாக இருந்தது. தந்திக்காரர் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரனைப் பிடித்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். சீமையிலிருந்து வந்த பொட்டலம். மேலே வழவழவென்று சிவப்பாக ஒரு பழத்தின் படம். இலையோ தண்டோ இல்லை, பழம் மட்டும். பின்னால் இங்கிலீஷில், வசந்த காலத்தில் விதைக்கவும் என்று இருந்தது.

இங்கேதான் எங்கள் படிப்பு எங்களைக் கவிழ்த்தது. மூவரில் ஒருவராவது படிக்காதவராக இருந்திருந்தால் அன்றைக்கே விதையை மண்ணில் போட்டிருப்போம். மாசி மாதம், வெயில் காய்ந்துகொண்டிருந்தது, மழை அதிகமில்லை. அதைவிட நல்ல நாள் தக்காளிக்கு அந்த ஊரில் கிடைக்காது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தந்திக்காரரோ சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். வசந்தம் என்றால் இளவேனில், இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும், இதில் சந்தேகமே இல்லை என்றார். ஷெட்காரர், சித்திரை முதல் தேதி வருஷப்பிறப்பு, அதைவிட நல்ல நாள் வேறு எது என்றார். எனக்கும் நியாயமாகப்பட்டது. சீமை விதைக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம் பார்த்து, மலாய் மண்ணில் வசந்தம் வரட்டும் என்று ஒன்றரை மாதம் மூன்று கிளார்க்குகள் கைகட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

வருஷப்பிறப்பன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டு, நல்ல நேரத்தில் எல்லா விதையையும் சேர்த்தே போட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. இந்த ஊரில் சித்திரை, வைகாசி மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு வானம் கறுத்து இடியோடு கொட்டித் தீர்க்கும். இத்தனை வருஷம் அந்த மழையில் நனைந்துகொண்டுதான் ஆபீஸ் போய் வந்தோம். ஆனால் பஞ்சாங்கத்தில் இளவேனில் என்று பார்த்ததும் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. களிமண்ணில் தண்ணீர் இறங்காமல் கொல்லை குளமாக நின்றது. முளைத்த தக்காளிக் கன்றுகள் ஒரு வாரம் தலை தூக்கி நின்றன, பிறகு ஒவ்வொன்றாகத் துவண்டு படுத்தன. கத்திரி அழுகியது. அவரையை நத்தை தின்றது. வெண்டை நாலு பிழைத்து, சாணுயரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. இங்கே செங்கல்லை விதைத்திருந்தால் இந்நேரம் வீடே முளைத்திருக்கும் என்றார் ஷெட்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு காலை, தக்காளிப் பாத்தி ஓரத்தில் ஒரே ஒரு செடி பச்சென்று நின்றது. அதற்கு மழையும் பொருட்டில்லை, களிமண்ணும் பொருட்டில்லை. நாளுக்கு நாள் வளர்ந்தது. நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினேன், சுட்டுவிரலால் காட்டினால் கண்பட்டுவிடும் என்று விரலை மடக்கித்தான் காட்டினேன். அகல இலை, தண்டில் முள். தக்காளிக்கு முள் உண்டா என்று எனக்கு ஒரு சந்தேகம். ரோஜாவுக்கு முள் இல்லையா, சீமைச் செடி என்றால் முள் இருக்கத்தான் செய்யும் என்று தந்திக்காரர் முடித்துவிட்டார். நாங்கள் அதற்குப் பந்தல் போட்டோம். மழை மேலே விழாமல் இருக்க அத்தாப்பு ஓலையில் கூரை வைத்தோம். ஆபீஸ் விட்டதும் மூன்று பேரும் அதன் முன்னால் குந்திக்கொண்டு பார்ப்போம். ஆனி பிறப்பதற்குள் இடுப்புயரம் வந்துவிட்டது. வெள்ளையாகக் கொத்துக்கொத்தாகப் பூ வைத்தது. காய்க்கத்தான் இல்லை.

கப்பல் வரும் நாள் வந்தது. முதல் ரயிலில் கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போனேன். கிளம்பும்போது, கவலைப்படாதேயும், வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் ஷெட்காரர். வீட்டைப் பெருக்கி வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலிலிருந்து அவள் இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், ஆனால் அதுதான் உண்மை. ஆறு நாள் கடலில் வாடி, பாதியாகியிருந்தாள். கையில் ஒரு சின்ன மஞ்சள் துணி மூட்டையை வைத்திருந்தாள். பெட்டி, கூடை எல்லாவற்றையும் கூலியாளிடம் கொடுத்தவள் அதை மட்டும் கொடுக்கவில்லை. பெரியப்பா கிள்ளானிலேயே இறங்கிக்கொண்டார். பதினைந்தாம் நாள் வருகிறேன் மாப்பிள்ளை, கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை, என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். என் காதில்தான் அது வேறு மாதிரி விழுந்தது.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டம் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும், அதோ பார் ரப்பர் மரம் என்றேன்.

வீட்டில் நண்பர்கள் இருவரும் குளித்து, விபூதி இட்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் போல வாசலில் நின்றார்கள். அவள் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள், முன்னறையையும் பார்க்கவில்லை, சமையல்கட்டையும் பார்க்கவில்லை, நேரே போய்ப் பின்கதவைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். அங்கே, பந்தலுக்குக் கீழே, எங்கள் செடியில், ஏழு தக்காளிகள் தொங்கின. ஐந்து நல்ல சிவப்பு, இரண்டு அரைக்காய்.

ஒரு விநாடி நானே சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகுதான் காம்பைப் பார்த்தேன். சாமான் ஷெட்டில் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற மெல்லிய சணல். ஒவ்வொரு காம்பிலும் இரட்டை முடிச்சு, ரயில்வே முடிச்சு, பினாங்கு வரை போனாலும் அவிழாது. சந்தையில் கூடை போட்டிருக்கும் சீனரிடம் காலையிலேயே போய் வாங்கி வந்திருக்கிறார்கள். இருவரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் செடிக்குப் பக்கத்தில் போனாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். தண்டின் முள்ளை விரலால் தடவினாள். பூக்கொத்தைப் பார்த்தாள். ஒரு பழத்தைக் கையில் ஏந்தி, காம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செடி நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஐந்து பழங்களையும் பறித்து ரசம் வைத்தாள். நண்பர்களுக்கும் போட்டாள். இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள், மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் காய்த்தது என்றால் ருசியே தனி என்று தந்திக்காரர் ஒரு போடு போட்டார். எனக்குப் புரைக்கேறியது. அரைக்காய் இரண்டும் செடியிலேயே இருக்கட்டும், பழுக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் மாதிரி ஒரு காலத்தை நான் அனுபவித்ததில்லை. அவள் சமைத்தாள், பெருக்கினாள், அடுத்த வீட்டுக்காரியோடு பேசினாள், கோயிலுக்கு வந்தாள். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கேட்டால் சிரித்துப் பதில் சொல்வாள். ஆனால் பெட்டியில் பாதிச் சாமான் எடுக்காமலே இருந்தது. மஞ்சள் மூட்டை அவிழ்க்காமல் அலமாரியின் மேல் இருந்தது. நான் ஆபீஸ் போகும்போது அதைப் பார்ப்பேன், திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்ப்பேன். என் வேலையில் தப்பு விழ ஆரம்பித்து, மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் காற்றும் மழையுமாக அடித்தது. மறுநாள் காலை பயந்துகொண்டே பின்கதவைத் திறந்தேன். இரண்டில் ஒன்று கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விழவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஒன்றில் மட்டும் சணல் இல்லை. ஈரமான வாழைநாரில், பூத்தொடுக்கிறவர்கள் போடுகிற சின்ன முடிச்சு. அது ஆம்பிளை கை முடிச்சில்லை.

விழுந்த பழத்தை அவள் எடுத்து மறுபடி கட்டியிருக்கிறாள். எதற்காகக் கட்டினாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கேலியா, இரக்கமா, அல்லது ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் எனக்கு நோகக் கூடாது என்கிற நல்ல மனமா? கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. நண்பர்களிடம் சொன்னேன். தந்திக்காரர் தன் சர்வீஸில் இவ்வளவு சுருக்கமான தந்தியைப் பார்த்ததில்லை என்றார். ஷெட்காரர் மட்டும், "வே, போகப்போறவ ஏன் வே கட்டிட்டு இருக்கா?" என்றார். அதை நம்ப எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை பெரியப்பா வந்தார். காப்பி குடித்தார். கிள்ளான் தோட்டத்தைப் பற்றியும் மைத்துனர் வீட்டு இட்டிலியைப் பற்றியும் பேசினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே மாப்பிள்ளை, கடிதாசியில் எழுதியிருந்தீர்களே, கொல்லையைப் பார்க்கலாமா என்று எழுந்தார். முப்பது வருஷம் ஏர் பிடித்தவர் அவர். நான் முன்னால் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

கொல்லையில் நாலு குட்டை வெண்டையையும், நத்தை தின்ற அவரைக் குச்சியையும் அவர் பார்த்தார். அப்புறம் பந்தலுக்குக் குனிந்து, அகல இலையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், வாழைநாரில் ஒன்றும் சணலில் ஒன்றுமாகத் தொங்கிய பழங்களைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வெண்டையைப் பார்த்தேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"தக்காளி, பெரியப்பா. இந்த ஊர்ல இப்படித்தான் காய்க்கும்" என்றாள்.

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது, அதை அடக்கிக்கொண்டார். மண் வேறு, மழை வேறு, இருக்கும், இருக்கும் என்றார். அப்பாவிடம் என்ன சொல்லட்டும் என்று அவளிடம் கேட்டார். கொல்லை இருக்கிறது, எழுதினபடியே இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றிவிட்டு நாங்கள் நடந்து திரும்பினோம். மாட்டுவண்டிகள் செங்கல் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் நான் நின்றுவிட்டேன். அந்தச் செடி வந்து, என்று ஆரம்பித்தேன்.

"சுண்டை" என்றாள். "சாக்கடை ஓரத்துக் கட்டைல தழைச்சு வந்தது. எங்க ஊர்ல ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும்."

கதவைத் திறந்த அன்றே தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கு என்ன, கடிதம் வந்த அன்றைக்கே தெரியும் என்றாள். வெண்டை முதல் புடலை வரை எல்லாம் ஒரே மாதத்தில் காய்த்துக் குலுங்குகிறது என்று நான் எழுதியதை மாமனார் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுத் திண்டில் சாய்ந்து சிரித்திருக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த வேறு மையில் இரண்டு வரி சேர்த்தாராம்.

"தெரிஞ்சுமா வந்தே?"

கையிலிருந்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, எங்க வீட்ல என்ன நகை போடுவாங்க, என்ன சீர் வரும்னுதான் பேசினாங்க. உங்ககிட்ட நான் கேட்டது ஒரு கொல்லை. நீங்க இல்லாத தோட்டத்தையே எழுதி அனுப்பினீங்க. நான் கேட்டதை இவ்வளவு பெரிசா எடுத்துக்கிட்ட ஆள்கிட்டப் போகலாம்னு தோணிச்சு."

அந்தத் தெருவில் அத்தனை பேர் நடுவில் நான் என்ன செய்ய முடியும்? அவள் கையிலிருந்த குடையை வாங்கி நானே பிடித்துக்கொண்டு நடந்தேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இன்னும் என்னென்ன பொய் எழுதியிருக்கிறீர்கள், இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். எனக்குச் சாம்பார் வைக்கத் தெரியும் என்று எழுதியதை ஒப்புக்கொண்டேன். அது அவளை அதிகம் பாதித்ததாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மஞ்சள் மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். அவரை, பாகல், புடலை, வெண்டை, எல்லாம் தனித்தனிச் சுருட்டாகச் சாம்பல் தடவி வைத்திருந்த விதை. கப்பலில் உப்புக்காற்று படக் கூடாதென்று ஆறு நாளும் மடியிலேயே வைத்திருந்தாளாம். மறுநாளே என்னைச் சூளைக்கு அனுப்பிச் சாம்பலும் செங்கல் பொடியும் மூட்டையாகக் கொண்டுவரச் சொன்னாள். களிமண்ணில் அதையும் சாணத்தையும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினாள். தண்ணீர் ஓட வாய்க்கால் வைத்தாள். மண்வெட்டி பிடித்தது நானும் என் நண்பர்களும்தான். அவள் நின்றுகொண்டு சொன்னாள், நாங்கள் கொத்தினோம். சுண்டைச் செடியைப் பிடுங்கப் போனேன், விடவில்லை. வற்றலுக்கு ஆகும் என்றாள். அது பல வருஷம் எங்கள் வீட்டில் வற்றல் குழம்பானது.

தக்காளி விதையில் கொஞ்சம் மீதி இருந்தது. மழைக்காலம் முழுக்க அதைத் தொடவிடவில்லை. தை பிறந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் அவளே போட்டாள், பஞ்சாங்கம் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். பிளவுபட்ட சின்ன இலையோடு, முள்ளில்லாமல், மஞ்சளாகப் பூத்தது. தந்திக்காரர் வந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பூ மஞ்சளா இருக்கே, ஏதாவது வியாதியா?" என்று என் காதோடு கேட்டார்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு சின்னச் சணல் உருண்டையோடு வந்தாள். அந்த ஏழு பழத்துச் சணலையும் ஒன்றுவிடாமல் எடுத்து முடிந்து வைத்திருந்தாள். எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, செடியை எப்படிக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவது என்று காட்டினாள். இறுக்கக் கூடாது, வளர இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்றாள். நான் கட்டியதை மட்டும் அவிழ்த்து, இன்னொரு தடவை கட்டச் சொன்னாள்.